கைப்பேசிக்குள் ஒரு கிராணி

தோட்டத்துக் கிராணிக்கு ஒரு காலத்தில் இருந்த மரியாதை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதற்காக மட்டும் கிடைத்ததல்ல. கணக்குப் புத்தகம் அவர் கையில் இருந்தது. மாதத்தில் எத்தனை நாள் வேலை விழுந்தது, எவ்வளவு பால் நிறுவையில் ஏறியது, மழையால் எத்தனை நாள் வெட்டு நின்றது, கடைக்காரருக்காக எவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் செக்ரோலில் அவர் எழுத்தில்தான் இருந்தன. பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தெரிந்தது சம்பள நாளன்று உள்ளங்கையில் விழுந்த தொகை மட்டுமே. போன மாதத்தைவிட இது ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டுமானால் புத்தகத்தை எழுதியவரிடமே போய் நிற்க வேண்டும்; அவருக்குச் சம்பளம் கொடுப்பதோ நிர்வாகம். இன்று பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கோலக் கெட்டிலிலும் அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு கிராணியைக் கைப்பேசிக்குள் வைத்திருக்கிறார்கள். சாட்ஜிபிடி, ஜெமினி என்று பெயர் எதுவானாலும் நள்ளிரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் கணக்குப் போட்டுத் தருகிறது; இதுகூடத் தெரியாதா என்று ஏளனம் செய்வதில்லை. இது சின்ன மாற்றம் இல்லை. ஆனால் இந்தப் புதுக் கிராணியிடம் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் செலவுப் புத்தகத்தையே திறந்து காட்டுகிறார்கள். முதலாளியின் புத்தகத்தையும் கடன் கொடுத்தவரின் புத்தகத்தையும் அதன் முன் விரித்து வைக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. என் குறை அதுதான்.

கெடாவின் தமிழ் இளைஞர் என்றதும் பால்வாளியோடு நிற்கும் உருவத்தை நினைக்கிறவர்கள் முப்பது ஆண்டு பின்தங்கியிருக்கிறார்கள். ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, லயத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்ட் பேருந்து ஏறுகிறவர்களில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. (கூலிமில் இன்ஃபினியன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திறந்த ஆலையின் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கு மின்சார வாகனங்களோடு ஏஐ தரவு மையங்களும் சந்தை. இயந்திரத்திடம் கடன் கணக்குக் கேட்கிற ஊரிலேயே அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் பாகமும் தயாராகிறது.) 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஊழியர் சேமநிதிக்கான (இபிஎஃப்) பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போய், சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் கழிந்தால் கையில் ஏறக்குறைய 1,500 நிற்கும். மோட்டார் சைக்கிள் தவணை, அறை வாடகை, சாப்பாடு, படித்தவராக இருந்தால் பிடிபிடிஎன் கல்விக் கடன், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது. அவசரத்துக்கு 1,000 ரிங்கிட் திரட்டுவதே கடினம் என்று மலேசியர்களில் 52 விழுக்காட்டினர் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 2018-ஆம் ஆண்டு ஆய்வில் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு கோவிட் வந்து, நான்கு தவணைகளில் 145 பில்லியன் ரிங்கிட்டை மக்கள் இபிஎஃப்-இலிருந்து எடுத்துத் தின்று தீர்த்தார்கள். இந்த நெருக்கடிக்குள்தான் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதை நடத்தும் ஓபன்ஏஐ 2025-ல் வெளியிட்ட பயன்பாட்டு ஆய்வின்படி, வயதைத் தெரிவித்த வயதுவந்தோர் அனுப்பும் செய்திகளில் கிட்டத்தட்ட பாதி 26 வயதுக்கு உட்பட்டவர்களுடையவை. செய்திகளில் பெரும்பகுதி அலுவலகத்துக்குத் தொடர்பில்லாத சொந்தக் காரியங்கள். பணமும் பணத்தால் வரும் மன உளைச்சலும் அந்தச் சொந்தக் காரியங்களில் இல்லாமல் இருக்குமா?

சம்பளம் போதவில்லை, என்ன செய்வது என்று இயந்திரத்திடம் கேட்டால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது 50-30-20 என்ற சூத்திரம். தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு 30 விழுக்காடு, சேமிப்புக்கு 20. அமெரிக்காவில் பின்னாளில் செனட்டரான எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-ல் எழுதிய நூலால் பரவியது இது. அந்த நாட்டு நடுத்தரக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியதை 1,500 ரிங்கிட்டுக்குப் போட்டுப் பார்த்தால், வாடகை, சாப்பாடு, பெட்ரோல், தவணை அத்தனையும் 750க்குள் அடங்க வேண்டும். ‘விருப்பம்’ என்ற பத்தியில் 450 ரிங்கிட் ஒதுக்கியிருக்கும், அந்த 450 எங்கே கிடக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும். இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அப்பாவின் மருந்து, தம்பியின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வைக்க வேண்டிய மொய் ஆகியவற்றுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. மொய்யை அது குறைக்கக்கூடிய செலவாகப் பார்க்கும். மொய் என்பது பெயர் போட்டு எழுதி வைக்கிற கணக்கு. இன்று வைத்தது நாளை நம் வீட்டுக் காரியத்துக்குத் திரும்பி வரும். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் தோட்டத்து மக்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட காப்புறுதி அது. மாதாமாதம் பத்துப் பேர் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் எடுக்கும் ஏற்பாடும் அப்படித்தான். அதில் ஏமாந்தவர்கள் பெருகி, கடைசியில் அரசாங்கம் தமிழ்க் காதுக்குப் பழகிய ‘கூட்டு’ என்ற சொல்லையே பெயரில் வைத்து 1971-ல் கூட்டு நிதித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தை மதிப்போம். ஆனால் உறவுக்குள் புழங்கும் பணத்தை வீண்செலவாக எழுதித் தள்ளும் எந்த ஆலோசனையும், ஆள் கொடுத்தாலும் இயந்திரம் கொடுத்தாலும், நம் குடும்பக் கணக்கைப் பாதிதான் படித்திருக்கிறது.

அதே இயந்திரத்திடம் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். சம்பளச் சீட்டில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துப் படமெடுத்துக் கொடுத்து, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி என் ஓவர்டைம் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன வரும்? மாதச் சம்பளம் 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் 65 ரிங்கிட் 38 சென். அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். சாதாரண வேலைநாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. ஆகவே மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். ஒருவர் மாதம் 40 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 490 ரிங்கிட் வர வேண்டும். ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் வெறும் மணிக்கூலியையே போட்டிருந்தால் வந்திருப்பது 327. வித்தியாசம் 163 ரிங்கிட். ஓய்வுநாளில் ஓவர்டைம் என்றால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. 2023 ஜனவரியிலிருந்து வார வேலை 45 மணி நேரத்துக்கு மேல் போனால் அதுவும் ஓவர்டைம்தான். மாதத்துக்கு எத்தனை பபுள் டீ குடிக்காமல் விட்டால் 163 ரிங்கிட் மிச்சப்படும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். இளைஞர்கள் சிக்கனமாக இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள், அவர்களுடைய சம்பளச் சீட்டை ஒருமுறையாவது வாங்கிப் படித்ததுண்டா?

கடன் கொடுத்தவரின் புத்தகமும் இப்படித்தான் விரிகிறது. மோட்டார் சைக்கிளுக்கு 10,000 ரிங்கிட் கடன், ஐந்து வருடம், ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலைவட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 5,000, மொத்தம் 15,000, 60 மாதம், மாதம் 250. கடையில் விற்பனையாளர் சொல்வது இந்த 250 மட்டுமே. வாங்குகிறவர் மனத்தில் பதிவது ‘பத்து விழுக்காடு’. ஆனால் தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு 10,000க்கே போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தால் அந்தப் பத்து விழுக்காடு உண்மையில் 17 விழுக்காட்டுக்கும் மேல். கடன் அட்டைக்கு பேங்க் நெகாரா விதித்திருக்கும் உச்சவரம்பு 18. கடன் அட்டை வேண்டவே வேண்டாம் என்று ஒதுங்குகிற பிள்ளை, கிட்டத்தட்ட அதே வட்டியில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு வாங்கக்கூடியது ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தங்கத்தைக் கொடுத்துவிட்டு வாங்கும் அடகுக்கடைக் கடனுக்கோ மாதம் 2 விழுக்காடு, ஆண்டுக்கு 24. நகையை அடகு வைத்தவர் கூடுதலாகக் கட்டுகிறார். இந்த வேடிக்கையெல்லாம் சட்டப் புத்தகத்திலும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடக்கிறது. ஆறு பக்க ஒப்பந்தத்தை ஐந்து நிமிடத்தில் தமிழில் விளக்கிச் சொல்ல முடிகிற உதவியாளர் நம் சமூகத்துக்கு இதற்கு முன் இலவசமாகக் கிடைத்ததில்லை. அந்த அளவில் நான் இயந்திரத்தின் கட்சி.

இன்னொன்றிலும் அதற்குப் பாராட்டு உண்டு. நம் வீடுகளில் கடன் கடைசியாகத்தான் வாய்க்கு வரும். வட்டி முதலையின் ஆட்கள் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போன பிறகு, அல்லது தாலிக்கொடியைத் தேடும்போது அது அடகுக்கடையில் இருப்பது தெரியவந்த பிறகு. அதுவரைக்கும் மகனும் சொல்ல மாட்டான், அப்பாவும் கேட்க மாட்டார். கடன்பட்டவனை ஊர் பார்க்கும் பார்வை அப்படி. அக்காவிடம் சொன்னால் அத்தானுக்குப் போகும், அத்தானிடமிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும் என்ற பயம் வெறும் கற்பனையும் அல்ல. இயந்திரத்திடம் அந்தப் பயம் இல்லை. தூக்கம் வராத இரவில், மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது என்று முதன்முறையாக ஒருவர் வரிசைப்படுத்தி எழுதிப் பார்ப்பதே பாதி மூச்சைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இயந்திரத்திடம் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில், ஆளிடம் சொல்லும் நாள் தள்ளிப் போகிறது. கடனோ தள்ளிப் போட்டால் குட்டி போடும் சாதி. வங்கியிடம் தவணையை மறுசீரமைக்கச் சொல்லி இயந்திரம் அழகான கடிதம் எழுதித் தரும். வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியது ஓர் ஆள். பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு, வங்கிக் கடன்களை ஒரே திட்டமாகக் கட்டி, கடன்காரர்களோடு பேசி முடித்துக் கொடுக்கிறது, கட்டணமும் இல்லை. சட்டவிரோத வட்டிக்காரரின் கடனை அதனாலும் தீர்க்க முடியாது, அதற்குக் காவல் நிலையம்தான் போக வேண்டும். மனம் மிகவும் கனத்துப்போனவர்களுக்கு சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணில் மனிதக் குரல் இருக்கிறது. கடன் சுமையில் தவித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் பக்கத்தின் மூலையில் படித்துவிட்டுப் புரட்டிய சமூகம் நாம். அந்த எண்ணை வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பதில் வெட்கம் வேண்டாம்.

கிராணி சொல்வதெல்லாம் சரிதானா? ஒருவர் எவ்வளவு கடன் வைத்தால் திவாலாக அறிவிக்கலாம் என்று கேளுங்கள். இந்த நாட்டில் அந்த வரம்பு ஒரு காலத்தில் 30,000 ரிங்கிட், 2017-க்குப் பிறகு 50,000, கோவிட் காலத்திலிருந்து 100,000. மூன்று எண்களும் இணையத்தில் கிடக்கின்றன. எதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லும் என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம். இபிஎஃப் 2024 மே 11 அன்று மூன்றாவது கணக்கைத் திறந்து, மாதப் பங்கை 75, 15, 10 என்று பிரித்தது. பழைய படிப்பிலிருந்து பேசும் இயந்திரம் இன்னும் இரண்டு கணக்குதான் என்று சாதிக்கும், அதுவும் ஒரு தயக்கமும் இல்லாமல். இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்று 2024-ல் வந்த பேங்க் ராக்யாட்டின் பிரிஃப்-ஐ, அமானா இக்தியாரின் பென் போன்ற கடனுதவிகளைப் பற்றிக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். நம்மைப் பற்றி இணையத்தில் எழுதியிருப்பதே குறைவு. தமிழில் கேட்டால் பொதுவாக ஆங்கிலத்தில் கேட்பதைவிடப் பதில் தளர்ந்து வருகிறது. ஆகவே எண் சம்பந்தப்பட்ட எந்தப் பதிலையும் அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் சரிபார்க்காமல் நம்புவது, கிராணி வாசித்த கணக்கில் கைநாட்டு வைத்த கதைதான்.

அடுத்தது, கிராணிக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்ற பழைய கேள்வி. பேங்க் நெகாரா 2022-ல் ஐந்து மின்னிலக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. அவற்றில் ஒன்றான ரைட் வங்கி 2025 ஆகஸ்டில் ஏஐ வங்கி என்றே விளம்பரத்தோடு கடை திறந்தது. இனி மற்ற வங்கிகளும் பணப்பைச் செயலிகளும் இந்த வழியில்தான் போகும். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுத்துப் பிழைக்கும் நிறுவனத்தின் இயந்திரம், இந்த மாதம் உனக்கு 300 ரிங்கிட் குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் அதே திரையில் ‘பிறகு கட்டலாம்’ என்ற பொத்தானும் இருந்தால் அது ஆலோசனையா வியாபாரமா? நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் ‘பிறகு கட்டலாம்’ நிறுவனங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் அமையும் ஆணையம் எழுதும் விதிகளில், கடன் விற்கும் இயந்திரம் தான் விற்பனையாளர் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். மறுபக்கத்தில் மோசடிக்காரர்களும் இதே கருவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். பிரதமர் அன்வார் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பதுபோல் போலிக் காணொளிகள் உலவின. வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்கு விட்டு, நீதிமன்றப் படியேறிய இளைஞர்கள் கெடாவிலும் உண்டு. 2024-ல் குற்றவியல் சட்டம் இதற்கென்றே திருத்தப்பட்டது. இங்கே நம் கைப்பேசிக் கிராணி உதவுவார்: கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டால் குற்றம் என்று சொல்லிவிடுவார். பணம் போன பிறகு என்றால் முதல் வேலை மோசடிப் புகார் எண் 997-ஐ அழைப்பது, இயந்திரத்திடம் புலம்புவது அல்ல.

இயந்திரம் இல்லாத காலத்தில் கெடா தோட்ட மக்கள் தங்கள் கணக்கை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. போர் முடிந்த கையோடு, 1946-47-ல், பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அவர்கள் முதலில் கைவைத்தது கள்ளுக்கடையில். காலையில் நிர்வாகம் கொடுத்த கூலி மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை வழியாக வெளியேறுவதைத் தடுத்தாலே பாதிக் குடும்பம் பிழைக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ‘நீ குடிக்காதே’ என்று ஒவ்வொருவரிடமும் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கடையையே மறித்து நின்றார்கள். 1947-ல் அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. பிறகு ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயம் லயமாகக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் துண்டாடலைப் பற்றிப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதற்கு முன்பே, 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மாதம் பத்து வெள்ளி, பத்து மாதத்தில் நூறு வெள்ளி, ஒரு பங்கு. சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம். தனித்தனியாக எந்தத் தொழிலாளியின் குடும்பக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தாலும், ‘உங்கள் வருமானத்தில் நிலம் வாங்கும் நிலையில் நீங்கள் இல்லை’ என்றுதான் விடை வந்திருக்கும். கணக்கும் சரிதான். கேள்விதான் தவறு, ஒரு குடும்பத்தை மட்டும் வைத்துக் கேட்ட கேள்வி அது.

உடனே மைக்காவை நினைவுபடுத்துவார்கள், அது நியாயமும்கூட. எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஏறத்தாழ 66,000 பேர் 106 மில்லியன் ரிங்கிட் கொண்டுவந்து கொட்டினார்கள். நகையை அடகு வைத்தவர்களும் கடன் வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2010-ல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் என்று வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். சேர்ந்து போட்ட பணம் சேர்ந்தே முழுகியது, அதைவிடத் தனியாக இயந்திரத்தோடு பேசிக்கொள்வது மேல், அதற்குக் கட்சியும் இல்லை தலைவரும் இல்லை என்று ஓர் இளைஞர் சொன்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. யோசித்தால் பதில் இருக்கிறது. நில நிதிச் சங்கத்தின் பங்குதாரர் தன் பணம் போட்ட தோட்டத்துக்குள் நடந்து போக முடிந்தது, மரத்தை எண்ண முடிந்தது. (அந்தச் சங்கத்தின் மீதும் குறைகள் பேசப்பட்டதுண்டு, பேசவும் வேண்டும்.) மைக்காவில் பணம் எந்தக் கம்பெனியில், என்ன விலைக்கு, எப்படிப் போனது என்பதைப் படித்துப் புரிந்து பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் வலு பெரும்பாலான பங்குதாரர்களுக்கு இல்லை. அன்றைக்கு இல்லாத கிராணி இன்று இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையையும், கோயில் நிர்வாகத்தின் வரவு செலவையும், அரசு ஒதுக்கீடு எங்கே போனது என்ற அறிக்கையையும் அவர் முன் வைத்து, இதில் எந்த எண் போன வருடத்தோடு ஒட்டவில்லை என்று கேட்க முடியும். மைக்காவிலிருந்து கற்க வேண்டிய பாடம் யாரோடும் சேராதே என்பதல்ல; புத்தகத்தைப் படிக்காமல் சேராதே என்பது.

இன்னொரு தரப்பு இதையெல்லாம் ஒரே வரியில் தள்ளிவிடும்: சம்பளம் குறைவு, அவ்வளவுதான், ஏஐ, கணக்கு, ஆலோசனை எல்லாம் வேலையற்ற பேச்சு. முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். 1,500 ரிங்கிட்டை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது 1,500தான். தனியாள் ஆலோசகர் யாராக இருந்தாலும், சம்பளக் கேள்வியைச் செலவுக் கேள்வியாக மாற்றிவிடுவார். எதிரில் உட்கார்ந்திருப்பவரால் உடனே மாற்றக்கூடியது செலவு ஒன்றுதான் என்பதால். இயந்திரமும் அதையே செய்கிறது, இன்னும் இனிமையாக. அதனால்தான் கேள்வியைத் திருப்ப வேண்டும் என்கிறேன். ஓவர்டைமில் 163 ரிங்கிட் குறைகிறது என்று ஒருவர் கண்டுபிடித்து மேற்பார்வையாளரிடம் தனியாகப் போனால் அடுத்த மாதம் ஷிப்ட் குறையலாம். அதே வரிசையில் நிற்கும் பதினைந்து பேர் ஆளுக்கொரு சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போனால் அது புகார் மனு. தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ல் அப்படித்தான் ஒன்றுசேர்ந்தது, அன்று கணக்கைச் சரிபார்க்கவே படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். இன்று அந்தப் பாதி வேலை கைப்பேசியில் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு, பக்கத்தில் நிற்கிறவனிடம் ‘உன் சீட்டைக் காட்டு’ என்று கேட்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது சாட்ஜிபிடியைவிடக் கடினமான தொழில்நுட்பம்.

யாரிடம் போவது, எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அலுவலக நேரத்தில் இலாகாவுக்கோ ஏகேபிகே கிளைக்கோ போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். தமிழில் பேசும் அதிகாரி இருப்பாரா என்ற தயக்கம் வேறு. இயந்திரம் ஜெயிப்பது அறிவால் இல்லை, பக்கத்தில் இருப்பதால். அப்படியானால் ஆட்களும் பக்கத்தில் வர வேண்டியதுதான். இதற்குப் புதிய இலாகா தேவையில்லை. பீடோங்கை ஒட்டி எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணக்குப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாக இந்த வட்டாரத்துப் புகார்களைக் கேட்டுவருகிறது. ஏகேபிகே அழைத்தால் வெளியே வந்து பேசும் அமைப்பு. தோட்டம் போன பிறகும் கோயில் மண்டபங்கள் நிற்கின்றன, மின்விசிறியும் நாற்காலியும் உண்டு. சம்பளம் வந்த மறு ஞாயிறு, மாதம் ஒரு தடவை, இரண்டு மணி நேரம். மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், அரசியல்வாதி வந்தால் கடைசி வரிசையில் உட்காரட்டும். வருகிறவர்கள் சம்பளச் சீட்டையும் தவணை ஒப்பந்தத்தையும் எடுத்து வரட்டும். கணக்கை முந்தின இரவே கைப்பேசி போட்டுக் கொடுத்திருக்கும்; அதை மேசையில் வைத்து, 12 ரிங்கிட் 26 சென் என்ற இடத்தில் விரலை வைத்துச் சரிதானா என்று பார்க்க, எதிரே தமிழில் பேசுகிற ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.